மல்லாவியில் யாரும் வாக்களிக்காத ஒரு நாடு

 

இது கொஞ்சம் நீண்ட பதிவு. இப்போது அவசரமாக இருப்பவர்கள் இரவு ஆறுதலாக வாசியுங்கள்.

போன வெள்ளிக்கிழமை தரம் 11 வரலாற்றுப் பாடம் முடியும் நேரம், பின் வாங்கில் இருக்கும் ஒரு பெடியன் எழும்பிக் கேட்டான்: "சேர், 1990இல ஈழம் எண்டு ஒரு நாடு அறிவிச்சவையாம். பிறகு ஒரு கிழமையில இல்லாமப் போயிட்டுதாம். உண்மையோ?" எங்கேயோ கைத்தொலைபேசியில் ஒரு வீடியோத் துண்டு பார்த்திருக்கிறான். வகுப்பு முழுக்கச் சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. மணி அடித்தது நல்லதாகப் போயிற்று. "திங்கட்கிழமை சொல்லுறன்" என்று தப்பி வந்துவிட்டேன்.

உண்மைதான். 1990 மார்ச் 1ஆம் திகதி, திருகோணமலையில் கூடிய வடக்கு கிழக்கு மாகாண சபையில் முதலமைச்சர் வரதராஜப் பெருமாள் ஒரு பிரேரணையைக் கொண்டுவந்தார். அரசாங்கத்துக்கு 19 அம்சக் கோரிக்கை. அவை நிறைவேறாவிட்டால் ஈழ ஜனநாயகக் குடியரசு. அது நிபந்தனையோடு கூடிய எச்சரிக்கைதான், தனிநாட்டுப் பிரகடனம் அல்ல என்று அவர் பிறகு பல தடவை விளக்கம் சொல்லியிருக்கிறார். ஆனால் சனத்தின் வாயில் அது 'பெருமாளின் ஈழப் பிரகடனம்' என்றே நின்றுவிட்டது. அந்த மாதம் முடியுமுன் அவர் இந்தியாவில். மார்ச் 24இல் இந்தியப் படையின் கடைசி அணியும் கப்பலேறிப் போயிற்று.

எங்கள் ஊரில் இந்தக் கதையைச் சொன்னால் இரண்டே இரண்டு விதமான எதிர்வினைதான். ஒன்று சிரிப்பு. மற்றது, "அவங்கட கதையை ஏன் இப்ப எடுக்கிறீர்?" என்ற கோபம். இரண்டையும் கொஞ்சம் ஒரு பக்கம் வைத்துவிட்டு, ஒரு வாத்தியாராக இதைப் பார்க்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

அந்தச் சபை எப்படி வந்தது என்பதில் இருந்து தொடங்குவோம். 1987 ஜூலை 29 இலங்கை - இந்திய ஒப்பந்தம். அதன் பிறகு 13ஆவது திருத்தம். 1988 செப்டெம்பரில் ஜே.ஆர். ஜெயவர்தன வடக்கையும் கிழக்கையும் தற்காலிகமாக இணைத்தார். நவம்பர் 19இல் தேர்தல். மொத்தம் 71 ஆசனங்கள்: வடக்குக்கு 36, கிழக்குக்கு 35. கிழக்கில் மக்கள் வரிசையில் நின்று வாக்களித்தார்கள். ஈ.பி.ஆர்.எல்.எவ்.வுக்கு 17, முஸ்லிம் காங்கிரசுக்கு 17, ஐக்கிய தேசியக் கட்சிக்கு ஒன்று.

வடக்கில்? தேர்தலே நடக்கவில்லை. புலிகள் அந்தத் தேர்தலையே எதிர்த்தார்கள். தமிழர் விடுதலைக் கூட்டணி ஒதுங்கிக்கொண்டது. ஈ.பி.ஆர்.எல்.எவ்.வும் ஈ.என்.டி.எல்.எவ்.வும் 36 ஆசனங்களையும் போட்டியின்றிப் பங்கிட்டுக்கொண்டன. அதில் முல்லைத்தீவு மாவட்டத்தின் ஆசனங்களும் அடக்கம்.

இதைத்தான் நான் அந்தப் பெடியனுக்கு முதலில் சொல்லப் போகிறேன். துணுக்காயிலோ, மல்லாவியிலோ, வவுனிக்குளத்திலோ ஒரு மனிசர்கூட அந்தச் சபைக்கு வாக்குப் போடவில்லை. போட மறுத்தார்கள் என்பதல்ல, போடுவதற்குப் பெட்டியே வரவில்லை. அப்படி ஒரு சபை, 15 மாதம் கழித்து, எங்கள் எல்லோருக்குமாக ஒரு நாட்டைப் பற்றித் தீர்மானம் எடுத்தது.

என் பக்கத்து வளவில் ஓய்வுபெற்ற தபாலதிபர் ஐயா ஒருவர் இருக்கிறார். பின்னேரங்களில் அவரோடு கதைப்பது என் வழக்கம். சனிக்கிழமை இதைப் பற்றிக் கேட்டேன். "தம்பி, அண்டைக்கு நான் வயலுக்கு மருந்தடிச்சுப்போட்டு வந்து ரேடியோவைத் திருப்பினால், நாடு அறிவிச்சாச்சாம். மனிசிக்குச் சொன்னன். அவ, 'சீனி வந்திருக்கோ எண்டு கடையில கேட்டனீங்களோ?' எண்டா. அவ்வளவுதான்" என்றார். அவர் சொன்னதை நான் பகிடியாக எடுக்கவில்லை. பிரகடனம் நடந்த நாளில் மல்லாவி அதை எப்படி வாங்கிக்கொண்டது என்பதற்கு என்னிடம் இருக்கும் ஒரே சாட்சி அது.

பெருமாள் தரப்புக்கும் நியாயம் செய்ய வேண்டும். பொலிஸ் அதிகாரம், காணி அதிகாரம் எல்லாம் 13ஆவது திருத்தத்தில் எழுத்தில் இருந்தன. கையில் வரவில்லை. ஆளுநரை நியமிப்பது ஜனாதிபதி. பணம் கொழும்பில். அங்கே 1989 ஜனவரியில் பதவிக்கு வந்த பிரேமதாசவோ இந்தியப் படையை வெளியேற்றுவதிலேயே குறியாக இருந்தார். அதற்காகப் புலிகளோடு பேசினார், ஆயுதமும் கொடுத்தார். மாகாண சபை இரண்டு பக்கத்தாலும் நெரிபட்டது. முதலமைச்சர் நாற்காலி இருந்தது, அவர் எழுதும் கடிதத்துக்குப் பதில் போட ஆளில்லை. அந்த விரக்தி எனக்கு விளங்குகிறது. ஒரு பாடசாலை அதிபருக்கு ஆளணியும் கொடுக்காமல், பணமும் கொடுக்காமல், பெறுபேறு மட்டும் கேட்டால் என்ன செய்வார்?

ஆனால் அவர்கள் செய்த மற்றதை மறைக்க முடியாது. 1989இல் தமிழ்த் தேசிய இராணுவம் என்ற பெயரில் பெடியங்களை ரோட்டில், ரியூசன் வாசலில், பஸ்ஸில் வைத்துப் பிடித்தார்கள். 'பிள்ளைபிடி' என்ற சொல் அப்போதே எங்கள் பேச்சில் இருந்தது. (அதே சொல் இருபது வருடம் கழித்து வேறு கைகளுக்குப் பொருந்தியதை வன்னியில் இருந்தவர்களுக்கு நான் சொல்லித் தரத் தேவையில்லை.) இந்தியப் படை ஒவ்வொரு மாவட்டமாக விலக விலக, பயிற்சியும் சரியாக இல்லாத அந்தப் பிள்ளைகள் புலிகளின் கையில் மாட்டினார்கள். எத்தனை தாய்மார் அவர்களைத் தேடினார்கள்! தன் பிள்ளையைப் பிடித்துக்கொண்டு போனவன் அறிவிக்கும் நாட்டை எந்தத் தாய் வரவேற்பாள்?

ஆக, மார்ச் 1ஆம் திகதி அந்தச் சபைக்குப் பின்னால் வாக்கு இல்லை, படை இல்லை, பணம் இல்லை. காவலுக்கு நின்ற வெளிநாட்டு இராணுவமும் பெட்டி கட்டிக்கொண்டிருந்தது.

இதைத் தேடி வாசித்தபோது, உலகத்தில் வேறு எங்கே இப்படி நடந்தது என்று பார்க்கும் ஆசை வந்தது. ரஷ்யாவின் கிழக்குக் கோடியில், சைபீரியப் பனிக்குள் யாக்கூத்தியா என்று ஒரு தேசம் இருக்கிறது. சகா என்று தங்களைச் சொல்லிக்கொள்ளும் மக்கள். துருக்கிய மொழிக் குடும்பத்தைச் சேர்ந்த பேச்சு, குதிரையும் மாடும் வளர்ப்பவர்கள். ரஷ்ய உள்நாட்டுப் போரின் கடைசிக் காலத்தில் போல்ஷெவிக் ஆட்சிக்கு எதிராக அங்கே கிளர்ச்சி வெடித்தது. 1922 மார்ச்சில் சுராப்சா என்ற ஊரில் கூடி, தங்களுக்கு ஒரு தற்காலிக மக்கள் நிர்வாகத்தை அறிவித்தார்கள். உதவிக்குத் தூரத்து விளாடிவொஸ்டொக்கில் இருந்த வெள்ளைப் படை அரசாங்கத்தைப் பார்த்தார்கள். அங்கிருந்து ஜெனரல் பெப்பெல்யாயெவ் சில நூறு பேரோடு கப்பலில் வந்து சேர்ந்தபோது கிளர்ச்சி ஏற்கெனவே அடங்கிப்போயிருந்தது. அவரும் 1923 ஜூனில் அயான் துறைமுகத்தில் சரணடைந்தார். எல்லாம் ஒன்றரை வருடத்துக்குள் முடிந்தது.

எனக்குப் பிடித்தது அந்தக் கதையின் மற்றப் பக்கம். அதே காலத்தில் ஓயுன்ஸ்கி, அம்மோசொவ், பரகொவ் என்ற மூன்று யாக்கூத் இளைஞர்கள் செம்படையின் பக்கத்தில் நின்றார்கள். மாஸ்கோவோடு வாதாடினார்கள். 1922 ஏப்ரல் 27இல் யாக்கூத்தியா தன்னாட்சிக் குடியரசாக அங்கீகரிக்கப்பட்டது. கிளர்ச்சிக்காரருக்குப் பொதுமன்னிப்புக் கொடுக்க வைத்தார்கள். காட்டுக்குள் இருந்தவர்கள் பலர் அதை நம்பித் துவக்கைப் போட்டுவிட்டு வந்தார்கள். தங்கள் மொழியில் பள்ளிக்கூடம், பத்திரிகை, புத்தகம் என்று கட்டினார்கள். ஓயுன்ஸ்கி எழுத்தாளரும்கூட. முடிவு நல்லதாக இல்லை. 1938இல் ஸ்டாலினின் களையெடுப்பில் அம்மோசொவும் பரகொவும் சுடப்பட்டார்கள். ஓயுன்ஸ்கி 1939இல் சிறையில் இறந்தார். கட்டினவர்களையே மாஸ்கோ தின்றது. ஆனால் அந்தக் குடியரசு என்ற கூடு உடையவில்லை. இன்றும் அது சகா குடியரசு என்ற பெயரில் ரஷ்யாவுக்குள் இருக்கிறது. ஏப்ரல் 27தான் அவர்களின் குடியரசு தினம். மார்ச் மாதத்துச் சுராப்சாக் கூட்டத்துக்கு அப்படி ஒரு நாள் இல்லை.

மாஸ்கோ நல்லது, அடங்கிப் போவோம் என்று சொல்வதற்காக இதை எழுதவில்லை. கையில் வந்த அரைகுறைக் கூட்டை என்ன செய்வது என்பதுதான் என் கேள்வி. அங்கே அதற்குள் ஏதோ கட்டினார்கள். இங்கே அந்தக் கூட்டில் இருந்தவர்களே அதைப் பற்றவைத்துவிட்டுப் போனார்கள். அதற்கு முன் அதை அரசாங்கமும் புலிகளும் ஓட்டை போட்டு வைத்திருந்தார்கள் என்பதும் சரி.

பற்றவைத்ததன் சூடு தெற்குக்கும் போயிற்று. 1990ஆம் ஆண்டே மாகாண சபைச் சட்டத்துக்கு ஒரு திருத்தம் வந்தது. சபையின் பாதிக்கு மேற்பட்ட உறுப்பினர்கள் அரசியலமைப்பை மறுத்து நின்றதாக ஆளுநர் ஜனாதிபதிக்கு அறிவித்தால் அந்தச் சபை கலைந்துவிடும். வடக்கு கிழக்கு சபை அப்படித்தான் கலைந்தது. பிறகு 2006 ஒக்டோபர் 16இல், ஜே.வி.பி. சார்பானவர்கள் தொடுத்த வழக்கில், வடக்கு கிழக்கு இணைப்பே செல்லாது என்று உயர் நீதிமன்றம் சொன்னது. நான் அரச உத்தியோகத்தன். அதைப் பற்றி இதற்கு மேல் எழுத மாட்டேன்.

இனி எங்கள் வீட்டுக் கதை. இதைச் சொல்லாமல் மேலே போனால் நான் நேர்மையாக இருந்ததாக ஆகாது.

வாப்பாவின் ஊர் தண்ணீரூற்று. அவருக்கும் 1988இல் வாக்குப் பெட்டி வரவில்லை. முஸ்லிம் காங்கிரஸின் 17 பேரும் கிழக்கில் இருந்துதான் வந்தார்கள். வடக்கு முஸ்லிம்களுக்காக அந்தச் சபையில் பேச, நாங்கள் தெரிவுசெய்த ஒரு குரலும் இல்லை. ஒப்பந்தத்தில் நாங்கள் 'தமிழ் பேசும் மக்கள்' என்ற சொல்லுக்குள் அடங்கினோமா, 'ஏனைய இனக்குழுக்கள்' என்ற சொல்லுக்குள் அடங்கினோமா என்று இன்றுவரை எனக்குத் தெளிவில்லை. கிழக்கு மக்களிடம் இணைப்பைப் பற்றி ஒரு சர்வசன வாக்கெடுப்பு வைப்போம் என்று ஒப்பந்தத்திலேயே எழுதியிருந்தார்கள். அது ஒவ்வொரு வருடமாகத் தள்ளித் தள்ளி, ஒருநாளும் நடக்கவில்லை. அப்போதும் எங்களிடம் யாரும் கேட்கவில்லை.

மார்ச் மாதம் அந்தப் பிரகடனம். ஜூன் மாதம் மீண்டும் யுத்தம். ஓகஸ்டில் காத்தான்குடிப் பள்ளிவாசல். ஒக்டோபர் கடைசியில் வடக்கில் இருந்த முஸ்லிம்கள் எல்லோரும், ஏறத்தாழ 75,000 பேர், புலிகளால் வெளியேற்றப்பட்டார்கள். உம்மா அப்போது என்னைச் சுமந்துகொண்டிருந்தார். உம்மும்மா தைத்து முடிக்காத ஒரு பிள்ளைச் சட்டையை ஊசியோடு சுருட்டி எடுத்துக்கொண்டு வந்தாராம். நான் 1991இல் புத்தளத்தில் ஒரு கிடுகுக் கொட்டிலில் பிறந்தேன். அந்தச் சட்டையைத்தான் எனக்குப் போட்டார்களாம்.

அந்த எட்டு மாதத்தை நான் அடிக்கடி யோசிப்பேன். மார்ச்சில் இருந்த சபை கோணலானதுதான், வாக்கில்லாததுதான். ஆனாலும் அதில் முஸ்லிம்கள் 17 பேர் எதிர்க்கட்சியாக உட்கார்ந்து சண்டை பிடித்தார்கள். கத்துவதற்கு ஒரு கதிரை இருந்தது. அது போன பிறகு எங்களுக்கும் துவக்குக்கும் நடுவில் ஒன்றும் இருக்கவில்லை. சபை இருந்திருந்தால் வெளியேற்றம் நடந்திராது என்று நான் சொல்லவில்லை. அந்தத் துவக்கைச் சபையா தடுத்திருக்கும்? ஆனால் முறையிடக்கூட ஒரு இடமில்லாமல் போனோம் என்பது உண்மை.

2002 ஏப்ரலில் கிளிநொச்சியில் அன்ரன் பாலசிங்கம் அந்த வெளியேற்றம் தவறு என்று ஒப்புக்கொண்டார். வாப்பா பத்திரிகையில் அந்தச் செய்தியை வெட்டி குர்ஆன் வைக்கும் றாக்கையின் கீழ்த் தட்டில் வைத்திருந்தார். ஏன் வைத்தீர்கள் என்று கேட்டால், "கேட்டது நல்லதுதானே மகன்" என்பார். வேறு ஒன்றும் சொல்ல மாட்டார்.

கல்வியியற் கல்லூரி முடித்து, முதல் நியமனமே மல்லாவி என்று வந்தபோது உம்மா பயந்தார். பயந்தபடி ஒன்றும் நடக்கவில்லை. முதல் நோன்புக்கு பக்கத்து வளவில் இருந்து கஞ்சிக்குத் தேங்காய் வந்தது. ஆனால் இங்கே வந்த பிறகுதான் ஒரு விஷயம் கண்ணில் பட்டது. இந்த மல்லாவி ஒரு காலத்தில் ஒரு நாட்டின் நடுப்பகுதி மாதிரி இருந்த இடம். 1995, 96 இடப்பெயர்வுகளுக்குப் பிறகு யாழ்ப்பாணத்துச் சனமும் கிளிநொச்சிச் சனமும் இங்கே வந்து நிறைந்தது. 2000ஆம் ஆண்டின் கடைசியில் நோர்வேயின் எரிக் சொல்ஹெய்ம் பிரபாகரனைச் சந்தித்ததும் மல்லாவியில்தான். நீதிமன்றம், காவல்துறை, வைப்பகம், வரி எல்லாம் வன்னியில் இருந்தன. இல்லாதது ஒன்றுதான்: அவர்கள் ஒருநாளும் முறைப்படி நாட்டைப் பிரகடனம் செய்யவில்லை.

யோசித்துப் பாருங்கள். ஒரு தரப்பு ஒன்றும் இல்லாமல் நாட்டை அறிவித்தது. மற்றத் தரப்பு எல்லாவற்றையும் வைத்துக்கொண்டு அறிவிக்காமலே இருந்தது. ஒருவரை ஒருவர் துரோகி என்றார்கள். 1990 ஜூனில் பத்மநாபாவைச் சென்னையில் வைத்துக் கொல்லுமளவுக்குப் பகை. ஆனால் ஒரு விஷயத்தில் இரண்டு பேரும் ஒன்று. இந்த ஊர் மக்களிடம் ஒரு துண்டுக் கடதாசியில் புள்ளடி போடச் சொல்லி இருவருமே கேட்கவில்லை.

இப்போது எங்கள் காலத்துக்கு வருகிறேன். 2013 செப்டெம்பரில் வடக்கு மாகாண சபைக்கு முதல் தடவையாக உண்மையான தேர்தல் நடந்தது. அது எனக்குக் கிடைத்த முதல் மாகாண சபை வாக்கு, என் வாப்பாவுக்கும் அதுதான் முதல். 2018 ஒக்டோபரோடு அந்தச் சபையின் காலம் முடிந்தது. தேர்தல் முறையை மாற்றுகிறோம் என்று 2017இல் ஒரு திருத்தம் கொண்டுவந்தார்கள். எல்லை நிர்ணய அறிக்கை அடுத்த வருடம் பாராளுமன்றத்தில் தோற்றது. பழைய முறையும் இல்லை, புதிய முறையும் இல்லை, தேர்தல் கிடப்பில். அன்று தொடக்கம் மாகாணம் ஆளுநரின் கையில்.

"தும்புத்தடியாலும் தொடமாட்டோம் எண்டு சொன்ன சாமானுக்கு ஏன் சேர் கவலைப்படுறீங்க?" என்று ஆசிரியர் அறையில் ஒருவர் கேட்டார். என் புத்தளத்து நண்பர்கள் வேறு விதமாகக் கேட்கிறார்கள்: "அவையிட சபைதானே, எங்களுக்கு என்ன?"

என் பதில் பெரிய கொள்கை ஒன்றும் இல்லை. என் சம்பளம் மாகாணத்தில் இருந்து வருகிறது. எங்கள் பாடசாலைக்கு விஞ்ஞானத்துக்கு ஆள் வருவதா இல்லையா என்பது மாகாணத்தில் தீர்மானமாகிறது. கிராமத்து ஆஸ்பத்திரி, உள்ளூர் வீதி, சிறு குளங்கள், கூட்டுறவுச் சங்கம் எல்லாம் அந்தப் பட்டியலில். இவற்றைப் பற்றிக் கேட்க மல்லாவிக்கு இப்போது தெரிவுசெய்த மாகாண உறுப்பினர் ஒருவரும் இல்லை. மீள்குடியேறிய முஸ்லிம் குடும்பத்துக்குக் காணிப் பிரச்சினை என்றாலும், வயலுக்குள் யானை வந்த தமிழ்க் குடும்பத்துக்கு நட்டஈடு என்றாலும், இரண்டு பேரும் ஒரே கந்தோரின் ஒரே வாங்கில்தான் குந்தியிருக்கிறோம். 13ஆவது திருத்தம் போதாது என்பவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. போதாததுதான். ஆனால் போதாத ஒன்றையும் இல்லாமல் வைத்திருப்பதில் எங்களுக்கு என்ன லாபம்?

சபை திரும்பி வந்தால் வடக்கு முஸ்லிம்களுக்கு அதில் எத்தனை இடம், எப்படி என்பதும் பேச வேண்டிய விஷயம். அதை எங்களுக்குள் முணுமுணுக்காமல், இந்த ஊர்ச் சனத்தோடு நேருக்கு நேர் பேச வேண்டும். 1987இல் எங்களுக்காக வேறு யாரோ பேசினார்கள். அதன் விலை எனக்குத் தெரியும்.

கோபிக்கிறவர்கள் கோபியுங்கள், ஆனால் கீழே நாகரிகமாக எழுதுங்கள். என் மாணவர்களும் இதைப் பார்க்கிறார்கள்.

பெரியவர்களிடம் ஒரு உதவி கேட்கிறேன். 1988 நவம்பரில் துணுக்காய், மல்லாவி, ஐயன்கன்குளம் பக்கம் இருந்தவர்கள், உங்களில் யாருக்காவது அந்தத் தேர்தலுக்கு வாக்காளர் அட்டை வந்ததா? வந்திருந்து வைத்திருந்தால் ஒரு படம் எடுத்துப் போடுங்கள். 1990 மார்ச் 1ஆம் திகதி ரேடியோவில் அந்தச் செய்தியைக் கேட்டவர்கள், அன்றைக்கு வீட்டில் என்ன கதைத்தீர்கள் என்பதை இரண்டு வரி எழுதுங்கள். தபாலதிபர் ஐயாவின் சீனிக் கதை மட்டும்தான் இப்போதைக்குக் கையில் இருக்கிறது. திங்கட்கிழமை முதலாம் பாடமே தரம் 11.